ஒத்துழைக்காதவர்

திருவண்ணாமலை
12-2-1982

சிரஞ்சீவி சம்பந்தமூர்த்திக்கு அக்கா நீலாம்பாள் அநேக ஆசீர்வாதம். இங்கே நானும் உன் அத்திம்பேரும் பெண் வேதாவும் ஈஸ்வரன் புண்ணியத்தில் சௌக்கியம். உன் அகத்துக்காரி சொர்ணாவுக்கு இருமல் விட்டதா? மெட்ராஸ் தண்ணீரைக் காய்ச்சாமல் குடிக்க வேண்டாம் என்று சொல்.

உன் ஆஸ்பத்திரி வண்டி மாதாமாதம் இங்கே சத்திரத்தில் வந்து நின்று சர்க்கரை முகாம் நடத்துகிறதே, அதில் அத்திம்பேர் பெயரை நீ எழுதிவைத்தாய் அல்லவா. போன மாதம் நானே இழுத்துக்கொண்டு போனேன். ஒரு அச்சடித்த தாள் கொடுத்தார்கள். காலையில் ஓட்ஸ் கஞ்சி குடிக்க வேண்டுமாம். இந்த ஊரில் ஓட்ஸ் குதிரைக்குக்கூடக் கிடைக்காது. மாத்திரை கொடுத்தார்கள், அதை ஒரு நாள் போட்டால் இரண்டு நாள் மறந்துவிடுகிறார். கோயிலில் சர்க்கரைப் பொங்கல் நைவேத்தியம் ஆனால் முதல் உருண்டை அவர் வாய்க்குத்தான். கேட்டால், "நைவேத்தியத்தை வேண்டாம்னு சொல்ற வாய் எனக்கில்லே" என்கிறார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பார்கள். இங்கே சாமி பொங்கல் கேட்கவே இல்லை, பூசாரிதான் விடமாட்டேன் என்கிறார்.

டாக்டர் பேச்சை நோயாளி கேட்கும்படி செய்வது எப்படி என்று நீங்கள் ஆராய்ச்சி செய்வதாகச் சொன்னாய். ஊருக்கெல்லாம் செய்வது இருக்கட்டும், முதலில் உன் அத்திம்பேரிடம் செய்துகாட்டு. அவருக்கு வலது கால் கட்டைவிரலுக்கு அடியில் கல் குத்திச் சின்னதாய் ஒரு புண். அது ஆறிவிடும்.

சொர்ணாவுக்கு ஆசீர்வாதம்.

அக்கா
நீலாம்பாள்

◆

சென்னை
25-2-1982

அக்காவுக்கும் அத்திம்பேருக்கும் சம்பந்தம் அநேக நமஸ்காரம். சொர்ணாவின் இருமல் தேவலை. உன் கஷாயத்துக்கு அவள் பயந்தே இருமலை விட்டுவிட்டாள் போலிருக்கிறது.

ஓட்ஸ் விஷயத்தை எங்கள் டாக்டரிடம் சொன்னேன், சிரித்தார். தாளை மாற்றச் சொல்கிறேன். ஆனால் அக்கா, எங்கள் வேலையை நீ கேலி செய்யாதே. மாத்திரை உடம்புக்குள் போய் என்ன செய்யும் என்பது டாக்டர்களுக்குத் தெரியும். அதை மனுஷன் ஏன் விழுங்குவதில்லை என்பது யாருக்கும் தெரியாது. அதைக் கண்டுபிடிப்பதுதான் நடத்தை மருத்துவம். பாதி வியாதி பழக்கத்தில் இருக்கிறது என்பார் எங்கள் டாக்டர்.

ஒரு வழி சொல்கிறேன். புதிதாக ஒரு பழக்கத்தை உண்டாக்குவது கஷ்டம், இருக்கிற பழக்கத்தின் வாலில் கட்டிவிடுவது சுலபம். அத்திம்பேர் எதை மறந்தாலும் விபூதியை மறப்பாரா? மாத்திரைப் புட்டியை விபூதி மடலுக்குப் பக்கத்தில் வை. அதேபோல, தினமும் அவர் உள்ளங்காலை நீ பார்க்க வேண்டும். சர்க்கரை ஜாஸ்தியானால் கால் மரத்துப்போகும், முள் ஏறினாலும் தெரியாது. அவருக்காக மெத்தென்ற ரப்பர் செருப்பு ஒன்று அடுத்த வண்டியில் வருகிறது.

நான் இங்கே மேஜை வேலை பார்க்கிறேன், முகாமுக்கு வர முடிவதில்லை. அதனால் நீதான் எனக்கு எழுத வேண்டும். வேதாவுக்கு ஆசிகள்.

அன்புத் தம்பி
சம்பந்தமூர்த்தி

◆

திருவண்ணாமலை
30-4-1982

சிரஞ்சீவி சம்பந்தத்துக்கு ஆசீர்வாதம். இங்கே எல்லாரும் சௌக்கியம். வெயில் மலைப்பாறையில் பட்டு ஊருக்குள் திரும்பி அடிக்கிறது. கோயில் பிரகாரத்தில் பெண்டுகள் குதித்துக் குதித்துச் சுற்றுகிறார்கள்.

நீ சொன்னது பலித்தது! விபூதி இட்ட கையோடு மாத்திரையும் போட்டுக்கொள்கிறார். நான் ஒரு வார்த்தை சொல்ல வேண்டியிருக்கவில்லை. முகாமில் கொடுத்த நீல மருந்தோடு மூத்திரத்தைக் குழாயில் காய்ச்சிப் பார்க்கிறேனே, கொல்லைப்புறத்து அடுப்பில்தான், முன்பெல்லாம் சர்க்கரை ஜாஸ்தி என்று செங்கல் நிறத்துக்குப் போகும். இப்போது பச்சையில் நிற்கிறது. முதலில் பச்சையைப் பார்த்த அன்றைக்கு நான் உன்னை நினைத்துப் பெருமைப்பட்டேன். அப்பா பிடித்த மணியை விட்டுவிட்டு நீ பேனா பிடிக்கப் போனதற்கு இத்தனை வருஷம் மனதுக்குள் திட்டியிருக்கிறேன், அதைத் திரும்ப எடுத்துக்கொண்டேன்.

செருப்புதான் உதவவில்லை. அந்தப் பச்சை வார் ரப்பர் செருப்பைக் குஷ்டரோக ஆஸ்பத்திரியில் கொடுப்பார்கள் என்று இந்த ஊரில் சின்னக் குழந்தைக்கும் தெரியும். ஒரு குருக்கள் அதைப் போட்டுக்கொண்டு தெருவில் நடந்தால் தேங்காய்த் தட்டை யார் நீட்டுவார்கள்? பரணில் போட்டுவிட்டார். அப்படியே போட்டாலும் கோயில் வாசலில் கழற்றத்தானே வேண்டும். நாளெல்லாம் அவர் இருப்பது அங்கேதான்.

முகாமுக்கு இரண்டு மாதமாகப் போகவில்லை. நேரமில்லையாம். கால் பரவாயில்லை.

சொர்ணா தலைக்கு எண்ணெய் வைத்துக்கொள்கிறாளா?

அக்கா
நீலாம்பாள்

◆

சென்னை
14-6-1982

அக்காவுக்கு அநேக நமஸ்காரம். இங்கே நலம். உன்னிடமிருந்து ஒன்றரை மாதமாகக் கடிதம் இல்லை. வேதாவின் பரீட்சை முடிவு வந்திருக்குமே?

எனக்கு இங்கே தலை நிமிர முடியவில்லை. அத்திம்பேர் நாலு முகாம் தவறவிட்டார். விடுபட்டவர்களின் கோப்பில் நாங்கள் ஒரு முத்திரை குத்துகிறோம்: 'ஒத்துழைக்காதவர்'. சொந்த அத்திம்பேர் பெயர் மேல் அதை நான் என் கையால் குத்தினேன். டாக்டர் பார்த்துவிட்டு, "உங்க வீட்டு மனுஷனையே உங்களால வரவழைக்க முடியலையே சம்பந்தம்" என்றார். சத்திரம் உங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். நேரமில்லை என்பதை நான் நம்பவில்லை.

நோயாளிகள் வராததற்குக் காரணம் பயமின்மை என்பது டாக்டரின் எண்ணம். பயம் இருந்தால் வருவார்கள். அதைச் சோதிக்க, வராதவர்களுக்கெல்லாம் ஆஸ்பத்திரியிலிருந்து கார்டு அனுப்பப் போகிறோம். உங்களுக்கும் ஒன்று வரும். அதைப் படித்தால் அத்திம்பேர் எழுந்து வருவார் என்று நம்புகிறேன்.

கால் எப்படி இருக்கிறது என்று விவரமாக எழுது. 'பரவாயில்லை' என்றால் எனக்கு ஒன்றும் புரியவில்லை.

தம்பி
சம்பந்தமூர்த்தி

◆

திருவண்ணாமலை
9-7-1982

சம்பந்தத்துக்கு அக்கா ஆசீர்வாதம். வேதா பாஸ். மற்ற சௌக்கியம் கேட்கும் நிலைமையில் நான் இல்லை.

கார்டு வந்தது. திறந்த கார்டு. சிவப்பு மையில், 'உங்கள் கால் புண்ணை அலட்சியம் செய்தால் விரலையோ காலையோ வெட்டி எடுக்க நேரிடும்' என்று அச்சடித்து, பக்கத்தில் கட்டைவிரல் இல்லாத ஒரு காலின் படம். விலாசம் மட்டும் கையால் எழுதியிருந்தது. அது உன் கையெழுத்து.

தபால்காரர் தசரதன் நல்ல மனுஷர். நல்ல மனுஷர் என்பதால்தான் வீட்டில் போடாமல் கோயிலுக்கே ஓடி வந்திருக்கிறார். உச்சிக்கால பூஜை முடிந்து ஜனங்கள் தீபாராதனைத் தட்டைத் தொட்டுக்கொண்டிருக்கும்போது, "இன்னா சாமி, கால எட்த்துடுவாங்கன்னு போட்டுக்குது, சும்மா இருக்கிறியே!" என்று கத்தியிருக்கிறார். பூக்கட்டும் பச்சையம்மாள் வாயைப் பொத்திக்கொண்டாளாம். அத்திம்பேரின் சித்தப்பா பிள்ளை ஞானஸ்கந்தனும் அங்கே நின்றிருந்தான். கார்டை வாங்கிப் படத்தைப் பார்த்துவிட்டு, "அண்ணா, இது நிஜமா?" என்று கேட்டிருக்கிறான்.

நீயும் குருக்கள் வீட்டில் பிறந்தவன்தானே? அங்கம் குறைந்தவன் மூலவரைத் தொடக்கூடாது என்று அப்பா உனக்குச் சொல்லித்தரவில்லையா? விரல் போனால் இவர் கர்ப்பகிரகப் படி ஏற முடியாது. எங்களுக்கு ஆண்பிள்ளை இல்லை, எப்படியும் இவருக்குப் பிறகு கோயில் ஞானஸ்கந்தனுக்குத்தான். இவருக்கு இருப்பது இவர் காலம் மட்டும்தான். அதற்கும் நாள் குறித்து ஊருக்கே சீட்டு அனுப்பிவிட்டாய்.

இப்போது மாத்திரைப் புட்டியைப் பூஜை அலமாரியிலிருந்து எடுத்து எறிந்துவிட்டார். எனக்கு ஒன்றுமில்லை என்று காட்டுவதற்காக, வேண்டுமென்றே ஞானஸ்கந்தன் வீட்டு வாசல் வழியாக விறுவிறு என்று நடக்கிறார்.

நீலாம்பாள்

◆

சென்னை
20-7-1982

அக்காவுக்கு நமஸ்காரம். நலம். உங்கள் நலம் அறிய ஆவல்.

உன் கடிதத்தை இரண்டு நாள் சட்டைப்பையில் வைத்திருந்துவிட்டு எழுதுகிறேன். தசரதன் கத்தியதற்கு நான் என்ன செய்ய முடியும்? பாதிப் பேருக்கு 'முகாமுக்கு வரவும்' என்று மட்டும் நீல மையில் போயிற்று, பாதிப் பேருக்குச் சிவப்பு. யாருக்கு எது என்பதைச் சீட்டுக் குலுக்கித்தான் எடுத்தோம். நம் ஆள் என்று நான் மாற்றினால் ஆராய்ச்சி ஆராய்ச்சியாக இருக்காது. வேறு யார் கையெழுத்தாக இருந்தாலும் உனக்கு இத்தனை கோபம் வந்திருக்காது.

சிவப்புக் கார்டு வாங்கியவர்கள்தான் ஜாஸ்தி வந்திருக்கிறார்கள். அது உண்மை. இவர்களில் எத்தனையோ பேர் கால் பிழைக்கும். கௌரவம் பெரிதா, கால் பெரிதா? அத்திம்பேரை நீ இப்படி மூடிமூடி வைத்தால் கார்டில் அச்சடித்ததுதான் நடக்கும்.

புண்ணைப் பற்றி நீ இன்னும் எழுதவில்லை. பிப்ரவரியில் சின்னது என்றாய், ஏப்ரலில் பரவாயில்லை என்றாய். நிஜத்தைச் சொல்.

சம்பந்தமூர்த்தி

◆

திருவண்ணாமலை
3-9-1982

சிரஞ்சீவி சம்பந்தமூர்த்திக்கு உமாமகேஸ்வரன் ஆசீர்வாதம். க்ஷேமம். உன் கடிதத்துக்கு உன் அக்கா பதில் எழுதமாட்டேன் என்கிறாள். ஆகையால் நான் எழுதுகிறேன்.

நீ என் பெயர் மேல் குத்திய முத்திரையைப் பற்றிச் சொன்னாள். நான் ஒத்துழைக்காதவன் இல்லை அப்பா. முதல் மாதம் காலையிலிருந்து சத்திரத்தில் உட்கார்ந்திருந்தேன். டாக்டர் காலைப் பார்த்துவிட்டு, "ஏன் செருப்பு போடறதில்லை?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டார். அவர் கேள்விதான் கேட்டார், பதில் கேட்கவில்லை. அந்த வரிசையில் போய் நின்றாலே, 'குருக்களுக்குக் கால் போகப்போகிறது' என்று பேசுவார்கள். பேசினால் அடுத்த பேச்சு, 'இவர் தொட்டு அபிஷேகம் பண்ணலாமா?' அதனால்தான் போகவில்லை. நேரமில்லை என்று உன் அக்கா எழுதியது நான் சொல்லச் சொன்னது.

புண்ணைப் பற்றிக் கேட்டிருக்கிறாய். தை மாதமே இருந்தது. ஒரு நாள் அபிஷேகம் முடிந்து பார்த்தால் கர்ப்பகிரகத் தரையில் சிவப்புச் சிவப்பாய்த் திட்டு. குங்குமம் கொட்டிவிட்டது என்று நினைத்து ஈரத்துணியால் துடைத்தேன். துடைத்துவிட்டுத் திரும்பினால் மறுபடியும் திட்டு. அது என் காலிலிருந்து வந்துகொண்டிருந்தது. எனக்கு வலிக்கவே இல்லை. சாமி முன்னால் ரத்தம் சிந்திவிட்டேன் என்று தீட்டுக் கழிக்கப் புண்ணியாகவாசனம் செய்து, வீட்டுக்கு வந்து அழுதேன். அப்போதும் எனக்குப் பயம் இருந்தது சம்பந்தம். உன் டாக்டர் எனக்குப் பயம் போதவில்லை என்கிறார். எனக்குப் பயத்தைத் தவிர வேறு ஒன்றுமே இல்லை.

இப்போது புண்ணில் ஒரு புளியங்கொட்டை அடங்கும். உள்ளே நாளெல்லாம் அபிஷேகத் தண்ணீரிலேயே நிற்கிறேன், காய வழியில்லை. கோபப்பட்டு எழுதவில்லை, தெரிந்துகொள் என்று எழுதினேன். சொர்ணாவுக்கு என் ஆசீர்வாதம்.

உமாமகேஸ்வரன்

◆

சென்னை
15-9-1982

அத்திம்பேருக்கும் அக்காவுக்கும் அநேக நமஸ்காரம். சொர்ணா உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு, உடனே டாக்டரிடம் கொண்டுபோகச் சொன்னாள்.

கடிதத்தை டாக்டரிடம் அப்படியே படித்துக்காட்டினேன். பாதியில் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். பிறகு அவர் சொன்னதை எழுதுகிறேன், தயவுசெய்து நிதானமாகப் படியுங்கள். இந்தப் புண்ணுக்கு விரலை எடுக்க வேண்டியதில்லை. முழங்கால் வரை மாவுக்கட்டுப் போட்டு, ஆறு வாரமோ எட்டு வாரமோ காலுக்குப் பாரம் தராமல் இருந்தால் புண் தானாகவே மூடிக்கொள்ளும். நிறைய பேருக்கு மூடியிருக்கிறது. விரல் தப்பும். விரல் தப்பினால் கோயிலும் தப்பும்.

இது எங்கள் எல்லாருக்கும் தெரிந்த விஷயம்தான் அத்திம்பேரே. கார்டில் வெட்டுவதைப் போட்டோமே தவிர, வெட்டாமல் தப்ப வழி இருப்பதைப் போடவில்லை. பயமுறுத்தினோம், ஓடுவதற்குப் பாதை காட்டவில்லை. எனக்கு எரிச்சலாக வருகிறது, என் மேலேயே.

அடுத்த வெள்ளிக்கிழமை வண்டி வரும். சத்திரத்து வரிசை வேண்டாம். டாக்டர் வேலை முடித்ததும் வீட்டுக்கே வந்து கட்டுப் போடுகிறேன் என்கிறார். சரி என்று ஒரு வரி எழுதுங்கள்.

சம்பந்தம்

◆

திருவண்ணாமலை
18-10-1982

சிரஞ்சீவி சம்பந்தத்துக்கு அக்கா ஆசீர்வாதம். நாங்கள் நலம் என்று எழுதக் கை வரவில்லை, நீங்கள் நலமாக இருங்கள்.

டாக்டர் வந்தார். நல்ல மாதிரியாகப் பேசினார். எங்கள் வீட்டில் காபிகூடச் சாப்பிட்டார். கட்டுப் போட வேண்டும் என்றபோது அத்திம்பேர் கேட்டார், "இதை நனைக்கலாமா?" கூடாது என்றார். "நனைக்காம எப்படி ஸ்நானம் பண்றது? ஸ்நானம் பண்ணாம எப்படிக் கோயிலுக்குள்ள போறது?" என்றார் இவர். டாக்டருக்கு இது ஒரு கஷ்டம் என்பதே அப்போதுதான் தெரிந்தது. ஆறு வாரம் வேறு யாரையாவது பார்த்துக்கொள்ளச் சொல்லலாமே என்றார்.

வேறு யார்? ஞானஸ்கந்தன்தான். நான் போய்க் கேட்டேன். அவன் பெண்டாட்டி ரேணுகாம்பாள் எனக்கு மோர் கொடுத்துக்கொண்டிருந்தாள். நான் கேட்டு முடிப்பதற்குள் அவன், "அதுக்கென்ன மன்னி, சாவியைக் குடுங்கோ, அண்ணா நன்னா ரெஸ்ட் எடுத்துக்கட்டும், எத்தனை மாசம் ஆனாலும் நான் பாத்துக்கறேன்" என்றான். அவனுக்குச் சாவி என்ற வார்த்தை எத்தனை சீக்கிரம் வந்தது பார். மோரை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வந்தேன்.

அத்திம்பேரிடம் சொன்னேன். "குடுத்த சாவி திரும்பி வராது நீலா" என்றார். நான் சண்டை போட்டேன். அழுதேன். வேதா காலைப் பிடித்துக்கொண்டாள். கடைசியில், "தீபம் முடியட்டும், தீபத்துக்கு மறுநாள் கட்டுப் போட்டுக்கறேன்" என்று சாமி படத்துக்கு முன்னால் சொல்லியிருக்கிறார். கார்த்திகை தீபத்துக்கு மலைக்கு வரும் கூட்டத்தில் பாதி நம் கோயிலிலும் நுழையும். அந்த நாளில் இன்னொருவன் கையில் தீபாராதனைத் தட்டு இருந்தால் அது அவனுடைய கோயில்தான்.

புட்டி மறுபடியும் விபூதி மடலுக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. நான் வைக்கவில்லை, அவரே வைத்துக்கொண்டார்.

நீலாம்பாள்

◆

சென்னை
2-11-1982

அக்காவுக்கு நமஸ்காரம். நலம்.

தீபம் வரை காத்திருக்க முடியாது. புளியங்கொட்டை அளவு என்றால் எலும்புக்குப் பக்கத்தில் வந்துவிட்டது என்கிறார் டாக்டர். ஞானஸ்கந்தனிடம் நான் வந்து பேசுகிறேன். நாலு பெரியவர்களை வைத்து, சாவி இந்தத் தேதியில் கொடுத்தது, இந்தத் தேதியில் திரும்பும் என்று எழுதி வாங்கலாம். எனக்கு லீவு கிடைக்கவில்லை, இருந்தாலும் கேட்டுக்கொண்டே இருக்கிறேன். அதுவரை அபிஷேகத்துக்கு நிற்கும்போது ஒரு மணையாவது போட்டுக்கொள்ளச் சொல். தண்ணீரில் நிற்காமல் இருந்தால் போதும்.

அக்கா, உடனே பதில் போடு. ஒரு வரி போதும்.

சம்பந்தம்

◆

சென்னை
11-4-1983

அக்காவுக்கும் அத்திம்பேருக்கும் சம்பந்தம் அநேக நமஸ்காரம். டிசம்பரில் ஆஸ்பத்திரி வாசலில் உங்களை பஸ் ஏற்றிவிட்ட பிறகு இன்றைக்குத்தான் எழுதுகிறேன். பலமுறை எழுத உட்கார்ந்தேன். நீயும் எழுதவில்லை. அத்திம்பேருக்கு விரலை எடுத்துத் தையல் போட்ட இடம் நன்றாகக் காய்ந்திருப்பதாக முகாம் டாக்டர் சொன்னார். இருக்கிற விரல்களைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சில விஷயங்கள் சொல்ல வேண்டும். ஜனவரியிலிருந்து புதுக் கடிதம் ஒன்று அனுப்புகிறோம். கார்டு இல்லை, ஒட்டிய உறையில் போகும். படம் இல்லை. 'காலுக்கு ஓய்வு கொடுத்தால் விரலைக் காப்பாற்றலாம், உங்கள் வேலைக்கு ஏற்றபடி வழி செய்வோம், வந்து சொல்லுங்கள்' என்று இருக்கிறது. வாசகம் என்னுடையது. பூக்கட்டும் பச்சையம்மாளுக்கும் சர்க்கரை, காலில் புண்; அவளுக்கும் ஜனவரியிலேயே போயிற்று. அவள் வந்து கட்டுப் போட்டுக்கொண்டாள். உட்கார்ந்தே பூக்கட்டுகிறவள், அவளுக்குப் புண் மூடிவிட்டது.

இன்னொன்று. ஆராய்ச்சி முடிவு எழுதியாகிவிட்டது. கார்டு கிடைத்து ஆறு மாதத்துக்குள் முகாமுக்கு வந்தவர்களை 'வந்தவர்' என்று கணக்கெடுத்தோம். தீபத்துக்கு மூன்றாம் நாள் அத்திம்பேரை ரிக்‌ஷாவில் வைத்துச் சத்திரத்துக்குக் கொண்டுவந்தீர்களே, அதுவும் ஆறு மாதத்துக்குள்தான். சிவப்புக் கார்டால் பலன் அடைந்தவர்களில் அவரும் ஒருவராக இருக்கிறார். அந்தப் பெயரை எடுத்துவிடச் சொல்லி டாக்டரிடம் மன்றாடினேன். அவர் நம் மேல் இரக்கம் உள்ளவர்தான். ஆனால் வந்தவரை வரவில்லை என்று எப்படி எழுதுவது என்றார். விரல் கறுத்து வந்ததை எழுதுவதற்கு அந்த அட்டவணையில் இடமே இல்லை அக்கா.

இதைக் கேட்க எனக்குக் கூசுகிறது. டாக்டர் கேட்கச் சொன்னார். டிசம்பருக்குப் பிறகு அத்திம்பேர் ஒரு முகாமும் தவறவில்லையாம். மாத்திரை, செருப்பு, சாப்பாடு எல்லாம் சொன்னபடி நடக்கிறதாம். அவரிடம் என்ன மாறியது என்று தெரிந்தால் மற்ற நோயாளிகளுக்கும் உதவும் என்கிறார். முடிந்தால் எழுது. முடியாவிட்டால் வேண்டாம்.

தம்பி
சம்பந்தம்

◆

திருவண்ணாமலை
6-5-1983

சிரஞ்சீவி சம்பந்தமூர்த்திக்கு அக்கா நீலாம்பாள் அநேக ஆசீர்வாதம். நாங்கள் மூவரும் உடம்புக்குச் சௌக்கியம். சொர்ணா முழுகாமல் இருப்பதாக அவள் அம்மா எழுதியிருந்தாள். நீ ஏன் எனக்குச் சொல்லவில்லை? சந்தோஷச் செய்தியைச் சொல்லக்கூட என்னிடம் பயமா? நன்றாகச் சாப்பிடச் சொல்.

உன் மேல் எனக்குக் கோபம் போய்விட்டதா என்று தெரியவில்லை. சில நாள் இருக்கிறது, சில நாள் இல்லை. உன் நவம்பர் கடிதத்துக்கு நான் ஒரு வரி போடவில்லையே, அந்தக் கோபம் எனக்கு என் மேல் இருக்கிறது. தீபத்துக்கு இருபத்துச் சொச்சம் நாள்தானே, தாங்கிவிடும் என்று நினைத்தேன். அவர் தீபத்தன்று எத்தனை நன்றாகத் தீபாராதனை காட்டினார் தெரியுமா. நான் கூட்டத்தில் நின்று அவர் முகத்தை மட்டும்தான் பார்த்தேன், காலைப் பார்க்கவில்லை.

பச்சையம்மாள் புதுக் கடிதத்தை என்னிடம்தான் கொண்டுவந்து படிக்கச் சொன்னாள். படித்துக்காட்டினேன். நல்ல கடிதம். உன் எழுத்து என்று தெரிந்தது. அவளை முகாமுக்கு நானே கூட்டிக்கொண்டு போனேன். ஒரு வருஷம் முந்தி இது எங்களுக்கு வந்திருந்தால் என்று நினைக்காமல் படிக்க முடியவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

உன் டாக்டர் கேட்டதற்குப் பதில். கோயிலை இப்போது ஞானஸ்கந்தன் பார்க்கிறான். குறை சொல்லக்கூடாது, ஒழுங்காகத்தான் செய்கிறான். சாவியை இவரே அவன் கையில் கொடுத்தார். ஆனாலும் பழக்கம் விடுமா? விடிவதற்கு முன்பே எழுந்து குளித்துவிடுகிறார். விபூதி இட்டுக்கொள்கிறார். மாத்திரை போட்டுக்கொள்கிறார். பரணிலிருந்து இறக்கிய பச்சை வார்ச் செருப்பைப் போட்டுக்கொண்டு வாசல் வரைக்கும் போகிறார், அப்புறம் எங்கே போவது என்று தெரியாமல் நிற்கிறார். நான் சமையல்கட்டிலிருந்து பார்ப்பேன், கூப்பிடமாட்டேன். கொஞ்ச நேரம் நின்றுவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்துகொள்வார்.

முகாம் நாளில் மட்டும் அப்படி இல்லை. வண்டி வருவதற்கு முன்பே சத்திரத்துக்குப் போய் முதல் ஆளாக உட்கார்ந்துவிடுகிறார். போன மாதம் டாக்டர் இவரைக் கையைப் பிடித்து எழுப்பி, "இவரைப் பாருங்க, ஒரு மாசம் கூடத் தவறலை, இப்படித்தான் இருக்கணும்" என்று எல்லாருக்கும் காட்டினாராம். வீட்டுக்கு வந்து என்னிடம் அதைச் சொன்னார். சொல்லிவிட்டு அன்று முழுக்கச் சாப்பிடவில்லை.

என்ன மாறியது என்று டாக்டர் கேட்டால் சொல்லு. காலை வேளையில் போவதற்கு அவருக்கு இப்போது வேறு இடம் இல்லை.

சொர்ணாவை ஐந்தாம் மாதத்தில் இங்கே அழைத்து வா. வளையல் போட வேண்டும்.

அக்கா
நீலாம்பாள்